கொரிய நாவலைத் திறக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

கொரியத் தொடர்களும் பாடல்களும் தமிழ் வீடுகளின் கூடம் வரை வந்துவிட்ட பிறகு, அந்நாட்டின் நாவல்களைத் தேடிப் படிக்கும் தமிழ் வாசகர்களும் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது, மின் ஜின் லீ எழுதி 2017-இல் வெளிவந்த ‘பச்சின்கோ’ என்ற ஆங்கில நாவலை. ஜப்பானிய ஆட்சியில் தொடங்கி நான்கு தலைமுறைகளாக ஒரு கொரியக் குடும்பம் பட்ட பாட்டைச் சொல்லும் அந்நூலை முடித்தவர், அதே காலத்தைப் பற்றி அக்காலத்திலேயே எழுதப்பட்ட கதைகளைத் தேடிப் போனால், பெரும்பாலும் குழப்பத்தோடு திரும்புகிறார். 1924-இல் ஹியோன் ஜின்-கொன் எழுதிய ‘அதிர்ஷ்டமான நாள்’ என்ற புகழ்பெற்ற சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும் சியோல் நகரில் ரிக்‌ஷா இழுக்கும் ஒருவருக்கு அன்றைக்கென்று சவாரிக்கு மேல் சவாரி கிடைக்கிறது. நோயாளி மனைவி ஆசைப்பட்டுக் கேட்ட மாட்டெலும்புச் சாற்றை வாங்கிக்கொண்டு அவர் வீடு திரும்பும்போது அவள் இறந்து கிடக்கிறாள். கதையில் ஆளுநர் இல்லை, படை இல்லை, துப்பாக்கிச் சூடு இல்லை. இதில் அந்நிய ஆட்சி எங்கே இருக்கிறது என்று புதிய வாசகர் கேட்பது இயல்பே.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் வேலை. கொரியாவின் அடிமைக்கால வாழ்வைப் பேசும் எந்த நூலையும் திறக்குமுன், அது எந்த ஆண்டில், எந்த மொழியில், எங்கிருந்து எழுதப்பட்டது என்ற மூன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. தணிக்கையாளரின் மேசையைக் கடந்து வந்த நூல் ஒரு விதமாகப் பேசும். விடுதலைக்குப் பின் நினைவிலிருந்து எழுதப்பட்ட நூல் வேறு விதமாகப் பேசும். கடல் கடந்து போனவர்களின் வழிவந்தோர் வேற்று மொழியில் எழுதியது இன்னொரு விதமாகப் பேசும். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், மழையில் ரிக்‌ஷா இழுத்தவரின் கதையும் பேசத் தொடங்கிவிடும்.

முதலில், நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1876-இல் கங்வா உடன்படிக்கையின் மூலம் ஜப்பான் கொரியாவின் துறைமுகங்களை வற்புறுத்தித் திறக்க வைத்தது. 1895-இல் அரசி மியோங்சோங் தம் அரண்மனைக்குள்ளேயே ஜப்பானியர்களால் கொல்லப்பட்டார். 1905-இல் கொரியாவின் வெளியுறவு உரிமை பறிக்கப்பட்டு, அது ஜப்பானின் பாதுகாப்பு நாடு என்ற பெயரில் அடக்கப்பட்டது. 1910 ஆகஸ்ட் 22 அன்று இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆகஸ்ட் 29 அன்று அறிவிக்கப்பட்டது. அன்று முதல் 1945 ஆகஸ்ட் 15 வரை, ஏறத்தாழ 35 ஆண்டுகள், கொரியா ஜப்பானிய ஆளுநரின் கீழ் இருந்தது.

அந்த 35 ஆண்டுகளும் ஒரே மாதிரி இருந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. முதல் பத்தாண்டு வெளிப்படையான இராணுவ ஆட்சி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள்கூடச் சீருடை அணிந்து, இடையில் வாள் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். 1919 மார்ச் 1 அன்று நாடெங்கும் விடுதலை முழக்கம் எழுந்து, அது கடுமையாக ஒடுக்கப்பட்ட பிறகு, ஆட்சியாளர்கள் பிடியைச் சற்றுத் தளர்த்தியதுபோல் காட்டினார்கள். 1920-இல் ‘தோங்-ஆ இல்போ’, ‘சோசன் இல்போ’ என்ற கொரிய நாளேடுகள் தொடங்க அனுமதி கிடைத்தது அப்போதுதான். இன்று நாம் படிக்கும் அக்கால நாவல்களில் பல இந்த நாளேடுகளில் தொடராக வந்தவை. 1937-இல் சீனப் போர் தொடங்கியதும் நிலைமை மீண்டும் இறுகியது. கொரியர்களை மொழியிலும் பெயரிலும் வழிபாட்டிலும் ஜப்பானியராகவே மாற்றிவிடும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1940 ஆகஸ்டில் அந்த இரு நாளேடுகளும் மூடப்பட்டன. ஆகவே 1931-இல் வந்த நாவலும் 1941-இல் வந்த நாவலும் ஒரே ஆட்சியின் கீழ் எழுதப்பட்டிருந்தாலும், எழுதியவர்களின் மூச்சுவிடும் இடம் ஒன்றல்ல.

நிலமும் அரிசியும்

அந்நிய ஆட்சி என்றதும் நம் மனத்தில் முதலில் படைவீரர்கள் தோன்றுவார்கள். கொரிய நாவல்களிலோ பெரும்பாலும் நில அளவையாளரும் பதிவேட்டு எழுத்தரும்தான் முதலில் வருகிறார்கள். 1910 முதல் 1918 வரை நாடு முழுவதும் நில அளவை நடந்தது. நிலத்தின் உரிமையாளர் குறித்த காலத்துக்குள் எழுத்துமூலம் பதிவு செய்துகொள்ள வேண்டும். எழுத்தில் உரிமை உடையவர்களின் பிடி இறுகியது; தலைமுறை தலைமுறையாக உழுதுவந்ததால் மட்டும் கிடைத்திருந்த வழக்காற்று உரிமைக்குப் பதிவேட்டில் இடமில்லை. அரச குடும்பத்துக்கும் பழைய அரசு நிலையங்களுக்கும் உரிய நிலங்கள் ஆளுநர் அரசின் சொத்தாயின. அவற்றில் ஒரு பகுதி, 1908-இல் தொடங்கப்பட்ட கீழ்த்திசை வளர்ச்சிக் கழகத்தின் கைக்குப் போனது. குத்தகை விவசாயிகள் பலர் ஊரைவிட்டு மஞ்சூரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடந்ததன் பின்னணி இதுதான்.

இந்த நில இழப்பை முழுமையாக எழுதியவர் பாக் கியோங்னி. ‘தோஜி’, அதாவது ‘நிலம்’ என்ற அவருடைய பெருநாவல் 1969-இல் தொடங்கி 1994-இல் நிறைவுற்றது. 25 ஆண்டு உழைப்பு. 1897-இல் ஹாதோங் பகுதியின் பியோங்சா-ரி என்ற ஊரில் அறுவடைத் திருநாளன்று தொடங்கும் கதை, 1945-இல் விடுதலைச் செய்தி வந்து சேரும் நாளில் முடிகிறது. பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் ஒரே வாரிசான சொ-ஹுய் என்ற சிறுமியின் சொத்தை, ஜப்பானியர் ஆதரவுடன் உறவினர் ஒருவரே வளைத்துக்கொள்கிறார். அவள் மஞ்சூரியப் பக்கத்தில் உள்ள லுங்சிங் நகருக்குப் போய்ப் பொருள் சேர்த்து, இழந்த நிலத்தை மீட்கத் திரும்புகிறாள். நிலத்தைப் பறித்தவர் வெளியாள் இல்லை, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த சொந்தக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்சி ஊருக்குள் இறங்கிய வழியை இவ்வளவு விரிவாகக் காட்டிய நூல் வேறொன்றை நான் படித்ததில்லை. ஆனால் தொடக்கநிலை வாசகருக்கு இதை முதல் நூலாகப் பரிந்துரைக்க மாட்டேன். நூற்றுக்கணக்கான பாத்திரங்களோடு பல தொகுதிகள் விரியும் கடல் அது.

நிலத்துக்கு அடுத்தது அரிசி. ஜப்பானில் ஏற்பட்ட அரிசித் தட்டுப்பாட்டைத் தீர்க்க, 1920 முதல் கொரியாவில் நெல் விளைச்சலைப் பெருக்கும் திட்டம் நடந்தது. விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் ஏற்றுமதி அதைவிட வேகமாகக் கூடியது. 1930-களில் விளைந்த அரிசியில் பாதியை நெருங்கிய அளவு கப்பலேறியது. நெல் விளைவித்த குடும்பங்கள் மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையை உண்டன.

இந்தப் புள்ளிவிவரம் ஒரு தாயின் கையில் எப்படிக் கனக்கும் என்பதைப் ‘பச்சின்கோ’வில் ஒரு சிறிய காட்சி சொல்லிவிடுகிறது. பூசானை அடுத்த யோங்தோ தீவில் விடுதி நடத்தும் யாங்ஜின், மகள் சுன்ஜாவின் திருமணத்தன்று அரிசிக் கடைக்குப் போகிறாள். பெரிய விருந்து வைக்க வழியில்லை. மகளுக்கும் மருமகனுக்கும் மட்டும் ஒருவேளை வெள்ளைச் சோறு போட வேண்டும். அதற்குச் சிறிதளவு அரிசி போதும். கடைக்காரர் தயங்குகிறார். வெள்ளரிசியை அதிக விலை கொடுக்கும் ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்க வேண்டிய நிலைமை அவருக்கு. கடைசியில் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் அளந்து கொடுக்கிறார். தாய்நாட்டைவிட்டுப் போகப் போகும் பெண் அன்று உண்ணும் சோற்றின் சுவையில் 20 ஆண்டு வேளாண்மைக் கொள்கை முழுவதும் இருக்கிறது. திருமண வீட்டில் சோறு எத்தனை பெரிய சொல் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

பெயர்

கொரியர்களுக்குக் குடும்பப் பெயர் என்பது அடையாள அட்டையில் எழுதும் சொல் மட்டும் ஆகாது. ஒவ்வொரு குலமும் தன் முன்னோர் வரிசையை ‘ஜொக்போ’ என்ற குலமரபு நூலில் தலைமுறை தலைமுறையாக எழுதிக் காத்துவருகிறது. திருமணம் ஆனாலும் பெண் தன் தந்தையின் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்வாள். பெயர் குருதி வழியைக் குறிப்பதால் அது யாராலும் மாற்றத் தகாதது. ஜப்பானிய முறையிலோ ஒரு வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே வீட்டுப் பெயர். 1940 பிப்ரவரி 11 முதல் நடைமுறைக்கு வந்த பெயர் மாற்ற ஆணை, கொரியக் குடும்பங்கள் அனைத்தும் இந்த ஜப்பானிய முறைக்கு மாற வேண்டும் என்றது. ஆறு மாதத்துக்குள் ஜப்பானிய மாதிரிப் பெயரைத் தாமாகவே தேர்ந்து பதிவு செய்யலாம் என்று சட்டம் மென்மையாகப் பேசியது. பதிவு செய்யாதவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும், பெரியவர்களுக்கு வேலையிலும் பங்கீட்டிலும் நெருக்கடி வந்தது. கெடு முடிந்தபோது ஏறத்தாழ 80 சதவீதக் குடும்பங்கள் புதுப்பெயர் பதிந்திருந்தன.

அந்த நாட்களில் சிறுவனாக இருந்த ரிச்சர்ட் கிம், அமெரிக்காவில் குடியேறிய பின் 1970-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘இழந்த பெயர்கள்’ என்ற நூலில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பனி பெய்கிறது. தந்தை வெள்ளைக் கொரிய உடையில், கையில் கறுப்புத் துணிப் பட்டை கட்டிக்கொண்டு, மகனை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறார். அங்கே ஊர் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். முறை வந்ததும் தந்தை தேர்ந்து வைத்திருந்த ‘இவாமோட்டோ’ என்ற பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. அடித்தளப் பாறை என்பது அதன் பொருள். திரும்பும் வழியில் அவர்கள் இடுகாட்டுக்குப் போகிறார்கள். முன்னோர் கல்லறைகளின் முன் தாத்தா, தந்தை, மகன் என மூன்று தலைமுறையும் பனியில் விழுந்து வணங்கி, பெயரைக் காக்க முடியாததற்கு மன்னிப்புக் கேட்கின்றன. நான் இந்தப் பகுதியை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடியில்லை, உதையில்லை, ஒரு படிவம் நிரப்பப்படுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் கையில் கட்டிய அந்தக் கறுப்புப் பட்டை, வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

இதே நிகழ்வைச் சிறுவர்களுக்காக எழுதியவர் லிண்டா சூ பார்க். 2002-இல் வெளிவந்த அவருடைய நாவலில் சுன்-ஹீ என்ற சிறுமியும் தே-யுல் என்ற அவள் அண்ணனும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். கிம் என்பதற்குப் பொன் என்று பொருள். குடும்பத்தார் ‘பொன்மலை’ என்று பொருள்படும் ‘கனேயாமா’வைத் தேர்ந்தெடுத்து, பழைய பெயரின் ஒரு துண்டைப் புதிய பெயருக்குள் ஒளித்துவைக்கிறார்கள். கொரியாவின் தேசியப் பூவான முகுங்வா மரங்களை வெட்டிவிடும்படி கட்டளை வரும்போது, அம்மா ஒரு சிறு கன்றை மட்டும் தொட்டியில் வைத்து மறைத்து வளர்க்கிறாள். அந்தப் பூ நம் வீட்டுச் செம்பருத்தியின் நெருங்கிய உறவு. 12 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்க வேண்டாத நூல்.

இவ்விரண்டு நூல்களும் ஆங்கிலத்தில், அமெரிக்காவில் எழுதப்பட்டவை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் நடந்ததை நேராகச் சொல்கின்றன. 1940-இல் சியோலில் ஒருவர் இதே காட்சியைக் கொரிய மொழியில் எழுதி அச்சிட்டிருக்க முடியாது.

மொழியும் மையும்

1938-இல் பள்ளிகளில் கொரிய மொழி கட்டாயப் பாடம் என்ற நிலையிலிருந்து இறக்கப்பட்டு, சில ஆண்டுகளில் முற்றாக மறைந்தது. ‘தேசிய மொழி’ என்ற சொல்லே ஜப்பானிய மொழியைக் குறித்தது. அந்தச் சூழலில் கொரிய மொழி ஆய்வுக் கழகத்தார் ஒரு பேரகராதிக்காக ஊர் ஊராகச் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். 1942-இல் அவர்கள் கைது செய்யப்பட்டார்கள். இருவர் சிறையிலேயே இறந்தார்கள். சான்றாகப் பறிமுதல் செய்யப்பட்ட கையெழுத்துப்படி தொலைந்ததாகவே எண்ணப்பட்டது. விடுதலை கிடைத்த மறுமாதம், 1945 செப்டம்பரில், சியோல் இரயில் நிலையச் சரக்குக் கிடங்கில் அந்தக் கட்டுகள் கிடைத்தன. 1947-இல் முதல் தொகுதியும், 1957-இல் ஆறாவது தொகுதியும் அச்சேறின. ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு கிடங்கின் மூலையில் ஒரு மொழியின் சொற்கள் மொத்தமும் கிடந்தன என்பது எத்தகைய செய்தி என்று புரியும்.

இப்போது அக்காலத்திலேயே, அந்த மண்ணிலேயே எழுதியவர்களிடம் வருவோம். அச்சுக்குப் போகுமுன் எல்லாம் தணிக்கைக்கு உட்பட்டன. ஆகாத சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெருக்கல் குறிகளை இடுவது வழக்கம். சில சமயம் அச்செழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பிவிடுவதால் பத்திரிகைப் பக்கத்தில் செங்கல் அடுக்கியதுபோல் கறுப்புக் கட்டங்கள் விழும். அப்படி வந்த இதழைச் செங்கல் பத்திரிகை என்றே மக்கள் அழைத்தார்கள். கங் கியோங்-ஏ என்ற பெண் எழுத்தாளர் 1934-இல் எழுதிய ‘உப்பு’ என்ற கதை, மஞ்சூரியாவுக்குப் பிழைக்கப் போன கொரியப் பெண் ஒருத்தி கணவனையும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக இழந்து, கடைசியில் வயிற்றுப்பாட்டுக்காக உப்பைத் தலைச்சுமையாகக் கடத்துவதைச் சொல்கிறது. இதழில் வெளிவந்தபோது அதன் இறுதி வரிகளின் மேல் மை பூசி மறைத்துவிட்டார்கள். ஏறக்குறைய 70 ஆண்டுகள் அந்தக் கதை முடிவில்லாமலே படிக்கப்பட்டது. 2000-களில் தடயவியல் கருவிகளின் உதவியோடு மைக்கு அடியிலிருந்த எழுத்துகளின் பெரும்பகுதி மீட்கப்பட்டது. அக்கால எழுத்தில் ஆட்சி எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு, அந்த மைப்பூச்சைத்தான் நான் காட்டுவேன்.

தணிக்கை இருந்ததால் எழுத்தாளர்கள் சுற்றிவளைத்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள். யொம் சாங்-சொப் 1931-இல் ‘சோசன் இல்போ’வில் தொடராக எழுதிய ‘மூன்று தலைமுறைகள்’, சியோல் நகரச் செல்வந்தர் வீட்டுச் சொத்துத் தகராறுபோல் நடக்கிறது. தாத்தா பணம் கொடுத்துப் பெருங்குலத்தின் மரபு நூலில் இடம் வாங்குகிறார். கிறித்தவரான தந்தை வெளியே நல்லவர், உள்ளே வேறு. பேரன் அனைத்துக்கும் நடுவில் தவிக்கிறான். பேரனின் இடதுசாரி நண்பனைச் சுற்றிக் காவல்துறையின் நிழல் மெல்ல விழுந்து, கடைசியில் எல்லாரையும் தொடுகிறது. ஷிம் ஹூன் 1935-இல் எழுதிய ‘பசுமை மாறா மரம்’ என்ற நாவலில், கிராமத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் இளம்பெண்ணிடம் 80 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று காவல் நிலையம் சொல்லிவிடுகிறது. வெளியே தள்ளப்பட்ட பிள்ளைகள் முசுக்கட்டை மரத்தில் ஏறி உட்கார்ந்து, சன்னல் வழியே கரும்பலகையைப் பார்த்துக் கற்கிறார்கள். கட்டிடம் சிறியது என்பதே சொல்லப்பட்ட காரணம். கொரிய எழுத்தைக் கற்றுக்கொடுப்பதுதான் காரணம் என்பது படித்தவர் எவருக்கும் தெரியும்.

கவிதையில் இந்த மறைபொருள் இன்னும் நுட்பமானது. பௌத்தத் துறவியான ஹன் யோங்-உன், 1919-இன் விடுதலை அறிக்கையில் கையெழுத்திட்ட 33 பேரில் ஒருவர். அவர் 1926-இல் வெளியிட்ட தொகுப்பு, பிரிந்துபோன ‘நிம்’மை எண்ணி உருகும் பாடல்களால் ஆனது. ‘நிம்’ என்பது காதலரையும் குறிக்கும், போற்றுதலுக்கு உரியவரையும் குறிக்கும். அங்கே அது புத்தரா, காதலரா, பறிபோன நாடா என்று பிரித்துவிட முடியாது. நாயக–நாயகி பாவத்தில் தோய்ந்த ஆழ்வார் பாசுரங்களோடு பழகிய தமிழ் வாசகருக்கு இந்தக் கதவு எளிதில் திறக்கும். இந்தியாவோடு நேரடித் தொடர்பும் உண்டு: தாகூரின் கவிதையைப் படித்தபின் எழுதியதாகவே ஒரு கவிதை அத்தொகுப்பில் இருக்கிறது. 1929-இல் தாகூர் கொரியாவைக் கிழக்கின் விளக்கேந்தியாக வருணித்து எழுதிய சில வரிகளை ‘தோங்-ஆ இல்போ’ வெளியிட்டது; கொரியர்கள் அதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

எல்லா எழுத்தாளர்களும் எதிர்த்து நின்றார்கள் என்று சொல்லிவிட்டால் அது உண்மைக்குச் செய்யும் தீங்கு. 1917-இல் ‘முஜொங்’ என்ற நாவலை எழுதி நவீனக் கொரியப் புனைகதையைத் தொடங்கி வைத்தவர் யி குவாங்-சு. 1919-இல் தோக்கியோவில் கொரிய மாணவர்கள் வெளியிட்ட விடுதலை அறிக்கையை எழுதியவரும் அவரே. அதே மனிதர் 1940-இல் கயாமா மித்சுரோ என்று பெயர் மாற்றிக்கொண்டு, ஜப்பானியப் படையில் சேரும்படி கொரிய இளைஞர்களுக்கு அறிவுரை சொன்னார். சே மன்-சிக்கின் வழி இன்னும் வேதனையானது. 1938-இல் வந்த ‘அமைதியான உலகம்’ என்ற அவருடைய நாவல், ஜப்பானியக் காவல்துறை இருப்பதால் தன் சொத்து பத்திரமாக இருக்கிறது என்று மகிழும் நிலக்கிழாரின் கதை. காவல்துறை உயர் அதிகாரியாக வருவான் என்று நம்பியிருந்த பேரன், சோசலிசச் செயல்பாட்டுக்காகத் தோக்கியோவில் கைதான செய்தி வந்து அந்த மகிழ்ச்சியை உடைக்கிறது. இத்தனை தெளிவாகப் பார்க்கத் தெரிந்தவரும் போர் ஆண்டுகளில் ஆட்சிக்குச் சாதகமாக எழுதினார். விடுதலைக்குப் பின் ‘இனத்தின் பாவி’ என்ற தலைப்பில் தம் குற்றத்தைத் தாமே கதையாக எழுதினார். எழுதப்பட்ட ஆண்டைப் பார்க்கச் சொல்வது இதற்கும்தான்: ஒரே எழுத்தாளரின் 1938-ஆம் ஆண்டு நூலையும் 1943-ஆம் ஆண்டு எழுத்தையும் ஒரே நம்பிக்கையோடு படிக்க முடியாது.

பிறகு எழுதப்பட்டவை

சில செய்திகள் எழுத்துக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. போர்க்காலத்தில் ஜப்பானியப் படையின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களைப் பற்றிய பேச்சு, 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக்-சுன் தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் சாட்சி சொன்ன பிறகே வெளிப்படையாயிற்று. கிம் சூம் 2016-இல் எழுதிய ‘ஒருவர்’ என்ற நாவல், பதிவு செய்யப்பட்ட பெண்களில் ஒரே ஒருவர் மட்டும் உயிரோடு எஞ்சியிருக்கும் நாளை எண்ணிப்பார்க்கிறது. தன்னை வெளிப்படுத்திக்கொள்ளாமலே வாழ்ந்துவிட்ட இன்னொரு மூதாட்டி அச்செய்தியைத் தொலைக்காட்சியில் கேட்கிறாள். உண்மையான சாட்சியங்களை அடிக்குறிப்புகளாகத் தந்துகொண்டே செல்லும் நாவல் அது. கற்பனை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது என்ற கவலை ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. படிக்க மனத்திடம் வேண்டும்.

பாக் வான்-சொ 1992-இல் எழுதிய தன்வரலாற்று நாவலின் தொனி வேறு. கேசொங் அருகே கிராமத்தில் புளிப்புத் தண்டுச் செடியைப் பறித்து மென்று திரிந்த சிறுமியை, படிக்க வைத்தே தீருவது என்று அம்மா சியோலுக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே ஏழைகள் வாழும் மேட்டுத் தெரு, ஜப்பானிய மொழியில் பள்ளி, மலையில் தேடியும் கிடைக்காத அந்தச் செடி. அடிமைக் காலத்திலும் குழந்தைகள் விளையாடினார்கள், அம்மாக்கள் பள்ளிக் கட்டணத்துக்குத் தைத்தார்கள் என்ற எளிய உண்மையை இந்நூல் மறக்கவிடுவதில்லை.

கடல் கடந்தவர்களின் கதை ‘பச்சின்கோ’வில் தொடர்கிறது. 1945-இல் ஜப்பானில் ஏறத்தாழ 20 லட்சம் கொரியர்கள் இருந்தார்கள். சுமார் 6 லட்சம் பேர் அங்கேயே தங்கினார்கள். 1952-இல் அவர்களுடைய ஜப்பானியக் குடியுரிமை ஒரே நாளில் இல்லாமற்போனது. நாவலில் சுன்ஜாவின் பேரனான சாலமன், பிறந்து வளர்ந்த நாட்டிலேயே 14 வயதுப் பிறந்த நாளன்று அயலார் பதிவு அலுவலகத்தில் விரல்ரேகை பதிக்க நிற்கிறான். ஆட்சி முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் பதிவேடு முடியவில்லை.

தமிழ் வாசகர் இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பல்லாயிரம் தமிழர்கள் மாண்ட அதே பாதையில், நேச நாட்டுப் போர்க்கைதிகளைக் காவல் காத்தவர்களில் பலர் ஜப்பான் திரட்டிய கொரிய இளைஞர்கள். போருக்குப் பின் 148 கொரியர்கள் போர்க்குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்டார்கள். 23 பேர் மரண தண்டனைக்கு உள்ளானார்கள். தாமே அடிமைகளாக இருந்தவர்கள் ஜப்பானியப் பெயரோடும் சீருடையோடும் பிறருக்குக் காவலர்களாக நின்றார்கள். எளிதாகப் பிரித்துவிட முடியாத கணக்கு அது.

படிக்கும் வரிசை கேட்பவர்களுக்கு என் பரிந்துரை இது: லிண்டா சூ பார்க்கின் சிறுவர் நாவலில் தொடங்கி, ‘இழந்த பெயர்கள்’, ‘பச்சின்கோ’ என்று போகலாம். அடுத்து பாக் வான்-சொ. அதன்பின் காலத்தால் பின்னோக்கி நகர்ந்து கங் கியோங்-ஏ, யொம் சாங்-சொப், சே மன்-சிக் ஆகியோரை எடுத்தால், அவர்கள் சொல்லாமல் விட்டது எது என்று தெரிந்தே படிப்பீர்கள். அப்போது ‘அதிர்ஷ்டமான நாள்’ கதையில், உழைத்துக்கொண்டே இருந்தும் மனைவி கேட்ட மாட்டெலும்புச் சாற்றை அன்றுவரை வாங்கித் தர முடியாத அந்த மனிதரின் வறுமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாக எழும்.

கடைசியாக, தேதியைப் பார்த்துப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரே ஒரு கவிதை. யுன் தோங்-ஜு 1917-இல் மஞ்சூரியப் பக்கத்துக் கொரியக் குடியிருப்பில் பிறந்தவர். 1941-இல் தம் கவிதைகளைத் தொகுத்துக் கையால் மூன்று படிகள் எழுதினார். அவற்றில் ஒன்றை அவருடைய நண்பரின் தாய், குவாங்யாங் கடலோரத்து வீட்டில் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்துவைத்ததால் அது பிழைத்து, 1948-இல் நூலாயிற்று. கவிஞர் அதைக் காணவில்லை. கைதாகி, 1945 பிப்ரவரி 16 அன்று, விடுதலைக்கு ஆறு மாதம் முன்பு, ஜப்பானில் ஃபுகுவோகா சிறையில் 27 வயதில் இறந்தார். அவருடைய ‘பாவமன்னிப்பு’ என்ற கவிதையில், பச்சைக் களிம்பேறிய செப்புக் கண்ணாடியில் தெரியும் தன் முகத்தை ஒருவன் வெட்கத்தோடு பார்க்கிறான். இரவுதோறும் உள்ளங்கையாலும் உள்ளங்காலாலும் அதைத் துடைக்கிறான். கவிதைக்குக் கீழே 1942 ஜனவரி 24 என்று தேதி இருக்கிறது. ஜப்பானுக்குப் படிக்கப் போகப் பயணச் சான்று வேண்டும். சான்றுக்கு ஜப்பானியப் பெயர் வேண்டும். ஐந்து நாள் கழித்து, ஜனவரி 29 அன்று, தம் பெயரை ‘ஹிரானுமா’ என்று மாற்றும் படிவத்தை அவர் கல்லூரியில் கொடுத்தார். அந்தக் கவிதையின் கையெழுத்துத் தாளின் ஓரத்தில் அவருடைய கிறுக்கல்கள் இன்றும் இருக்கின்றன: பயணச் சான்று, உயிர், வாழ்க்கை, கவிதை என்றால் என்ன, தெரியவில்லை.